தலைதீபாவளிக்கு வந்த சிவப்பு கார்

பொள்ளாச்சி மில் முதலாளியின் புது மாப்பிள்ளை, தலைதீபாவளிக்கு ஸ்போர்ட்ஸ் கார் கொடுத்தால்தான் இலையில் உட்காருவேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றார்.

முதலாளி டிரைவர் நாச்சிமுத்துவின் மேல் பாய்ந்தார். "கேட்டதையும் கொடுக்கணும், இனிமேல் அவர் எதையும் கேட்கவும் கூடாது. வழி சொல்லு, இல்லாட்டி சாவியை வெச்சுட்டுக் கெளம்பு!"

"இருபது வருசப் பழசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க" என்றான் நாச்சிமுத்து.

மாப்பிள்ளை சிவப்பு காரில் சீறிக்கொண்டு போனார். கல்யாண மோதிரத்தைக் கியர்பாக்ஸ் தின்றது. வாட்சை நாலு டயரும் பங்குபோட்டுக்கொண்டன. மெக்கானிக் பெட்டி படுக்கையோடு அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டார்.

பொங்கலுக்கு மாப்பிள்ளை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். "மாமா, எனக்கு எதுவுமே வேண்டாம். அந்தக் காரை மட்டும் திருப்பி எடுத்துக்குங்க!"

முதலாளி நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து பணிவாகக் கைகட்டினான்.

"சீரைத் திருப்பி வாங்கற வழக்கம் நம்ம பக்கம் இல்லீங்களே!"