கல்யாண மண்டபத்தார் வெர்ஷன் கேட்ட கதை

புத்தி எல்லா ஊரிலும் சமமாகப் பெய்வதில்லை. குருவிப்பாளையம் கல்யாண மண்டபத்து ஆபீஸ் பக்கம் தூறல்கூட இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்று பேர்: மேனேஜர் சென்னியப்பன், கிளார்க் துளசிமணி, எலக்ட்ரீசியன் ராயப்பன். மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், வினையே அதுதான்.

ஒரு நாள் மாலை மண்டபத்து புக்கிங் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. எந்தத் தேதி யாருக்கு என்பதெல்லாம் அதன் டேட்டாபேஸில்தான் கிடந்தது. விடிந்தால் முகூர்த்தம். வாசலிலோ இரண்டு கல்யாண வீட்டார், லாரி நிறையக் காய்கறியோடு வந்து, மண்டபம் தங்களுக்குத்தான் என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சென்னியப்பன் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார். அகல்யா என்ற பெண் எடுத்தாள்.

"உங்க டேட்டாபேஸ் என்ன வெர்ஷன் சார்? வெர்ஷனுக்கு வெர்ஷன் வைத்தியம் வேற. அது தெரியாம நான் கை வைக்க முடியாது."

"அது எங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?"

"அதுகிட்டயே கேளுங்க சார், சொல்லிடும்."

போனை வைத்துவிட்டு மூவரும் கூடி யோசித்தார்கள்.

"நல்ல காரியம் கேக்க மூணு பேராப் போகக் கூடாதுங்க. போன காரியம் உருப்படாது," என்றாள் துளசிமணி.

"நாலாவது ஆளுக்கு இப்ப எங்க போறது?" என்றார் சென்னியப்பன்.

"ஒரு கல்லைக் கையில எடுத்துக்கலாமுங்க. ஆள் கணக்குக்கு ஆச்சு."

ராயப்பன் கல் கொண்டுவந்தான். தாம்பூலத் தட்டோடு நால்வரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்கள்.

"ஏனுங்க, உங்க வெர்ஷன் என்னங்க?" என்றார் சென்னியப்பன்.

"எடுத்த எடுப்புல அதைக் கேட்டா யார்தான் சொல்லுவாங்க? காபி குடிக்கறீங்களான்னு முதல்ல கேக்க வேண்டாமா?" என்று கடிந்துகொண்டாள் துளசிமணி. அதையும் கேட்டார்கள். ராயப்பன் கீபோர்டு ஓரமாக ஒரு டம்ளர் காபி வைத்தான். நல்ல வேளை, ஊற்றவில்லை.

மறுபடி போன் போனது. அகல்யா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது.

"வாயால இல்ல சார், கீபோர்டுல! நான் சொல்றதை ஒரு எழுத்து விடாம டைப் பண்ணுங்க. ரெடியா?"

துளசிமணி 'ரெடியா' என்று அடித்தாள்.

"என்ன வருது?"

'என்ன வருது' என்றும் அடித்தாள்.

அடுத்து வந்த பெருமூச்சை அடிப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். ஓட்டெடுப்பில் கல் நடுநிலை வகித்தது.

எப்படியோ, சாமி புண்ணியத்தில், சரியான வார்த்தைகள் விழுந்து திரையில் 5.5 என்று வந்தது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் காத்திருந்தவளை மறந்து வாசலுக்கு ஓடினார்.

"சண்டை வேண்டாமுங்க! கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. அஞ்சு புள்ளி அஞ்சு, அஞ்சரை!"

"எங்க முகூர்த்தம்தான் அஞ்சரை!" என்று ஒரு வீட்டார் குலவையிட்டு லாரியை உள்ளே விட்டார்கள்.

இன்னொரு வீட்டுப் பெண்ணின் அப்பா நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்கு ஏழரைங்க! என் புள்ள கல்யாணம் நின்னு போயிருமே!"

பாவம், பார்க்கச் சகிக்கவில்லை. சென்னியப்பன் உள்ளே ஓடிப் போனை எடுத்தார்.

"அம்மா, அஞ்சரைங்க."

"அய்யோ, ரொம்பப் பழசு சார். உயர்த்தியாகணும்."

"அதைத்தானுங்கம்மா நானும் கேக்க வந்தேன். விடியறதுக்குள்ள ஏழரைக்கு உயர்த்திருவீங்களா?"

"ஏழரைன்னு ஒண்ணு கிடையாது சார். அடுத்து எட்டுதான்."

சென்னியப்பன் வாசலுக்கு வந்து பெண்ணின் அப்பா தோளில் கை வைத்தார்.

"அழுவாதீங்க. ஏழரை இல்லையாமுங்க, எட்டு இருக்குதாம். மாப்பிள்ளையை எட்டுக்குத் தாலி கட்டச் சொல்லிருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எட்டு புள்ளி எத்தனைங்க?"