சூரன் பாடிய பதிகம்

டொரோண்டோவின் புறநகரில், முன்பு கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடையாக இருந்த கட்டடமொன்றில் முருகன் எழுந்தருளியிருந்தான். வாசல் பளிங்கில் கொடையாளர் பெயர்கள் மின்னின. பின்கட்டில், அன்னதானச் சட்டிகளுக்கு நடுவே, முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நின்றிருந்தார் ஏரம்பர்.

யாழ்ப்பாணத்து மேடைகளில் ராசா வேஷம் கட்டியவர். பாட்டுக் கட்டுபவர். போர் துரத்தி இங்கே வந்தபின், பகலெல்லாம் உணவகத்தில் பாத்திரம். மாலையில் கோயிலில் பாத்திரம். கோயிலில் சம்பளமில்லை, அதைத்தான் பெரிய உத்தியோகமாக நினைத்தார். தேய்த்தபடியே முருகன்மேல் ஒரு பதிகம் கட்டி முடித்திருந்தார். அவன் முகம் பார்த்து அதை ஒருமுறை பாடிவிட வேண்டும். வேறு ஆசையில்லை.

கோயில் தலைவர் தர்மகுலசிங்கத்திடம் கேட்டார். தலைவர் வீடு விற்கும் தரகர். ஒரு தேவாரம்கூட முழுதாக வராது. மைக் கைக்கு வந்தால் மட்டும் விடமாட்டார்.

“மைக் உபயகாரருக்குத்தான் ஐசே. உம்மட பாட்டைச் சட்டியளுக்குப் பாடும். அதுகள் எழும்பி ஓடாது.”

சுற்றி நின்ற சால்வைகள் சிரித்தன.

“பாடிப்போட்டன் தம்பி. நல்லாத்தான் கேட்டதுகள்,” என்று சொல்லிவிட்டு ஏரம்பர் வேலைக்குத் திரும்பினார்.

கந்தசஷ்டி வந்தது. சூரன் வரவில்லை. ஊரில் செய்வித்த மரச்சூரன் கப்பலில் எங்கோ கிடந்தான். தலைவருக்கு வியர்த்தது. பிறகு ஒரு யோசனை வந்து பல் தெரிந்தது. ஏரம்பரையே சூரனாக நிறுத்தலாம், அந்த முகத்துக்கு ஒப்பனைச் செலவும் இல்லை என்றார்.

ஏரம்பர் மறுக்கவில்லை. முகத்தில் கரி, தலையில் அட்டைக் கிரீடம், கையில் வாள். கார் தரிப்பிடத்துக் குளிரில் சூரனாக நின்றார். சனம் கூவியது. எதிரே, இளைஞர் தோள்களில் முருகன் வந்தான். அவனுக்குப் பின்னால், வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டோடு தலைவர்.

அப்போதுதான் ஏரம்பருக்கு உறைத்தது. சாமியோடு வருகிறவர்கள் எல்லாம் அவன் முதுகைத்தான் பார்க்கிறார்கள். நேர்முகம் சூரனுக்கு மட்டும்தான்.

புராணத்தில் ஓரிடம் உண்டு. முருகனின் பேருருவைக் கண்ட சூரன், ஒரு கணம் பகை மறந்து உருகுவான். அந்த இடம் வந்ததும் ஏரம்பர் வாளைக் கீழே வைத்தார். கைகூப்பினார். பதிகத்தைத் தொடங்கினார்.

கூவல் அடங்கியது. மைக் இல்லாமலே குரல் தெருவைத் தாண்டிப் போனது.

“காணும், காணும். பாடினது போதும். சாமியை நடத்துங்கோ,” என்றார் தலைவர்.

இளைஞர்கள் அடியெடுக்கப் பார்த்தார்கள். சாமி அசையவில்லை. தலைவரே வந்து முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கோட்டுப் பொத்தான் தெறித்ததுதான் மிச்சம்.

பத்தாம் பாட்டு முடிந்தது. சாமி பூப்போல முன்னே வந்தது. வேலின் நுனி ஏரம்பர் மார்பைத் தொட்டது. சாமியின் பக்கத்தில் வேலைப் பிடித்து வந்த குருக்கள் தன் கையைக் குனிந்து பார்த்தார்.

“நான் இன்னும் நீட்டேல்லை ஐயா,” என்றார் அவர் மெதுவாக.

அன்றைக்கும் அன்னதானச் சட்டிகளை ஏரம்பரே கழுவினார். தலைவருக்கு இன்றுவரை வாய்த்திருப்பது முருகனின் முதுகுதான். கரி பூசிய முகத்தோடு அவன் திருமுகம் கண்ட ஏரம்பரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.