மூடிய சட்டி

ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு கழிமுகம். அங்கே ஒரு மடம். கிளிஞ்சலைச் சுட்டு மருந்துக்குச் சுண்ணாம்பு செய்வார்கள். குரு ஒரு பெண். சீடர் ஆண்டியப்பன் அவளைவிட மூத்தவர். அவர் 'தாயே' என்பார், அவள் 'அண்ணே' என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஆண்டியப்பன் ஒரு காலத்தில் படகோட்டி. ஓர் ஐப்பசி வெள்ளத்தில் மகளை ஆறு கொண்டுபோய்விட்டது. மடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பெயரைக்கூட அவர் சொன்னதில்லை.

பனி விலகாத ஒரு காலையில் அவர் கேட்டார்.

"தாயே, தியானத்துல உக்காந்தா துக்கம் போகுது. கண்ணைத் திறந்தா வந்துடுது. போன அளவுக்கு வருது. வருஷக்கணக்கா பாதியிலேயே நிக்கிறேன். ஊருக்கே போயிடட்டுமா?"

"ரெண்டு சட்டியில கிளிஞ்சல் போட்டு, மூடி, சுடுங்க. அப்புறம் பேசலாம்."

அரைகுறை வேலை ஆண்டியப்பனுக்கு ஆகாது. படகின் ஓட்டையை அடைத்துப் பழகிய கை. மூடியைச் சுற்றிக் களிமண் தோய்த்த துணியைச் சுற்றினார். காய்ந்ததும் மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. எறும்பு மூச்சுவிடக்கூட இடமில்லை.

ஒரு சட்டியை அன்று மாலையே இறக்கினார். பாதிதான் சுண்ணாம்பு. மற்றதை விறகு தீரும்வரை எரித்தார். அதிலும் பாதிதான். மனிதர் நொந்துபோனார்.

"தீ போதலையா தாயே?"

"தீ நல்லாத்தான் எரிஞ்சுது."

"அப்போ பாதியில நின்னுடுச்சா?"

"நிக்கல. கிளிஞ்சல்ல இருந்து மூச்சு வெளிய வந்துகிட்டே இருக்கு. மூடியைத் தாண்டிப் போக அதுக்கு வழியில்ல. ஆன சுண்ணாம்பு அதைத் திரும்ப இழுத்துக்கிட்டே இருக்கு. போறதும் வர்றதும் சமம். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் நடக்காத மாதிரி தெரியும்."

"என்னைச் சொல்றீங்க."

"சட்டியைச் சொல்றேன்."

இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டி அவளே அடுப்பில் வைத்தாள். மூடி போடவில்லை. சட்டிக்கு மேல் காற்று நெளிந்தது. அதன் வழியே அக்கரைத் தென்னைகள் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் ஆடின. ஆண்டியப்பன் தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. யாரோ சின்னக் காலால் ஆற்றோரம் ஓடுவதுபோல் இருந்தது.

வெயில் சாய்ந்தபோது சட்டி முழுக்க வெள்ளை. ஆறியதும் அவள் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அது சீறி, பூத்து, பொடியாக உதிர்ந்தது.

"திரும்பி வராதா?" என்றார்.

"வரும். காத்துல கிடந்தா மெதுவா மூச்சை வாங்கி மறுபடி கல்லாகும். மறுபடி அடுப்புல வைக்கலாம்."

அவர் ஓரமாகக் கிடந்த மூடியை எடுத்து, காய்ந்த களிமண்ணை நகத்தால் சுரண்டினார்.

"அப்போ நான் போகட்டுமா தாயே?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகலாம் அண்ணே. பிள்ளைக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?"