வைரவன் மாஸ்டர் மலை ஏறிய விதம்

வைரவன் மாஸ்டரின் சாம்பாரைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவருடைய ஆட்களைப் பற்றி இதுவரை யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொக்கு, முத்தழகு, கருப்பன் என்று மூன்று பேர். மூவருக்கும் மூளை உண்டு என்று மாஸ்டர் அடித்துச் சொல்வார். அப்படிச் சொல்கிறவருடைய மூளையைப் பற்றி நாம் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணச் சமையலில் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. காய் நறுக்குவது சொக்கு. அடுப்பைப் பார்ப்பது முத்தழகு. அண்டாவைக் கிண்டுவது கருப்பன். மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ருசி பார்ப்பார், உப்பு சொல்வார். ஆனால் பந்தியில் எல்லோரும் "மாஸ்டர் வச்ச சாம்பார்" என்றுதான் சொல்வார்கள். யார் கை செய்தாலும் செய்தது மாஸ்டர்தான் என்பதில் அந்த நால்வருக்கும் துளிகூடச் சந்தேகம் கிடையாது. எல்லா வம்பும் இங்கேதான் ஆரம்பித்தது.

உட்கார்ந்து ருசி பார்த்தே மாஸ்டர் பெருத்துப் போனார். குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியாது, அதற்கும் ஓர் ஆள். அதைப் பற்றியெல்லாம் அவர் கவலைப்பட்டதே இல்லை, வள்ளியப்பன் வந்து நிற்கும் வரைக்கும்.

வள்ளியப்பன் வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். மலைமேல் முருகன் கோவிலில் தாலி கட்டு, பந்தியும் மேலேயே.

"மாஸ்டர், உங்க சாம்பார்தான்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டேன். நீங்க மேல இருந்து செய்யணும். படி ஏறிருவீகளா? முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, கோவிச்சுக்கிட மாட்டேன். சிங்காரம் மாஸ்டரைப் பேசிக்கிடுறேன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் வைரவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிங்காரம் சாம்பாரில் வெல்லத்தை அள்ளிப் போடுகிறவன். அவன் சாம்பார் மலைக்கு மேலேயும் தன் சாம்பார் மலைக்குக் கீழேயும் இருந்தால், அப்புறம் கரண்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான்.

"ஏறுவேன்" என்றார் மாஸ்டர். அதைச் சொல்வதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

நால்வருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் பொறுமைசாலி. "தினமும் காலையில வேகமா நடக்கணும். ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவுல எதையும் வாயில போடக்கூடாது. பஜ்ஜி வடையெல்லாம் கையால தொடவே கூடாது. இருட்டுறதுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சிரணும். ஒரு மாசம் இப்படி இருங்க, தாராளமா மலை ஏறலாம்" என்றார்.

"இது முகூர்த்த மாசம்மா. மாஸ்டருக்கு நடக்க நேரம் இருக்காதே" என்றான் சொக்கு.

"எப்படியாவது ஏற்பாடு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாவம், யாரிடம் இப்படிச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று சாயந்திரம் ஏற்பாடு பண்ண உட்கார்ந்தார்கள்.

"காலையில மாஸ்டருக்கு இட்லி மாவு பதம் பாக்குற வேலை இருக்கு. அதை விட முடியாது" என்றான் முத்தழகு.

"நடையையும் விட முடியாது" என்றான் கருப்பன்.

மூவரும் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். கடைசியில் சொக்கு கேட்டான். "கருப்பா, நேத்து அண்டாவைக் கிண்டினது யாரு?"

"நான்தான்."

"சாம்பார் வச்சது யாரு?"

"மாஸ்டர்."

"அப்ப நீ நடந்தா, நடக்குறது யாரு?"

கருப்பனுக்கு உடம்பு புல்லரித்தது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக உயிரைக் கொடுக்கிற ஆட்கள் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கருப்பன் நடந்தான். நடை சரியான ஆளுக்குப் போய்ச் சேரட்டும் என்று மாஸ்டரின் செருப்பையே போட்டுக்கொண்டான். டீக்கடையில் யாராவது, "என்ன கருப்பா, விடியாலேயே கெளம்பிட்ட?" என்று கேட்டால், "கருப்பன் வீட்டுல படுத்திருக்கான். இது மாஸ்டர்" என்று பதில் சொல்லிவிட்டு நிற்காமல் போவான்.

திரும்பி வந்ததும் ஒழுங்காகத் தகவல் சொல்லிவிடுவான். "மாஸ்டர், இன்னைக்கு நீங்க கண்மாய்க் கரை வரைக்கும் போனீக. வழியில ஒரு நாய் உங்களைத் தொரத்துச்சு. நல்லா ஓடிட்டீக."

மாஸ்டர் பதறிப்போய்க் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவ்வளவு தூரம் ஓடினால் பசிக்காதா? பசித்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாக இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ருசி பார்ப்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. இரண்டு வேளைக்கு நடுவில் வாயில் எதுவும் போடாவிட்டால் சாம்பாருக்கு உப்பு சொல்வது யார்? முத்தழகு இதற்கு வழி கண்டுபிடித்தான். "நடுவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே மாஸ்டர் தப்பு? அது இல்லாமப் பண்ணிருவோம்." அன்றிலிருந்து காலையில் போட்ட இலையை மாஸ்டர் மூடவே இல்லை. இட்லி முடிகிற நேரத்தில் சோறு வந்தது, சோறு முடிகிற நேரத்தில் சுண்டல் வந்தது. பொழுது சாய்கிறவரை ஒரே சாப்பாடு. நடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பஜ்ஜியை அவர் கையால் தொடவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறப்பார். முத்தழகு கிடுக்கியால் எடுத்து உள்ளே வைப்பான். ஒருமுறை பஜ்ஜி தவறி மடியில் விழுந்தது. அப்போதும் அவர் கை முதுகை விட்டு அசையவில்லை. அவருடைய மனக்கட்டுப்பாட்டைப் பார்த்துச் சொக்கு கையெடுத்துக் கும்பிட்டான்.

இருட்டு விஷயத்தில் கஷ்டமே இல்லை. கல்யாண மண்டபத்தில் விளக்குக்கா பஞ்சம்? "இருட்டிருச்சாடா?" என்று மாஸ்டர் கேட்பார். "இல்லை மாஸ்டர், பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். "அப்ப இன்னும் ரெண்டு தோசை வை" என்பார்.

மாசக் கடைசியில் மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள். மாஸ்டர் எடை மெஷினில் நின்றதும் முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. டாக்டரம்மா திடுக்கிட்டு, "என்னங்க இது, போன மாசத்துக்கு இன்னும் கூடியிருக்கு!" என்றார்.

"நீங்க ஆளை மாத்தி நிறுத்திட்டீக" என்று சொக்கு மாஸ்டரை இறக்கிவிட்டுக் கருப்பனை ஏற்றினான். கருப்பன் முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தான். "இப்பப் பாருங்கம்மா! மாஸ்டர் எப்படி இளைச்சிட்டாக!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். குணமாகிவிட்டது என்று நால்வரும் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள்.

கல்யாண நாளும் வந்தது. மாஸ்டர் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படியில் காலை வைத்தார். கொஞ்சம் ஏறினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பாதி படி ஏறியதால், மீதி சிங்காரத்தை நினைத்ததால்.

"என்னடா இது, மாசம் பூரா நடந்திருக்கேனே!" என்றார் பரிதாபமாக.

"அந்த நடையெல்லாம் என்கிட்டல்ல இருக்கு மாஸ்டர்!" என்றான் கருப்பன். "நீங்க இருங்க. நான் உங்களை மேல கொண்டு போயிடுறேன்." சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாகப் படியேறினான். சொக்கு கூடவே போனான். மாஸ்டருக்குத் துணையாக முத்தழகு கீழேயே இருந்தான்.

மேலே வள்ளியப்பன் பரபரப்பாக நின்றார். "மாஸ்டர் வந்துட்டாரா?"

"வந்துட்டாகய்யா. உடம்பு மட்டும் அடிவாரத்துல இருக்கு" என்றான் கருப்பன்.

கல்யாண அமளியில் அவர் காதில் முன்பாதி மட்டும்தான் விழுந்தது. நிம்மதியாக மாப்பிள்ளையை அழைக்கப் போய்விட்டார்.

பருப்பு வெந்தது, காய் வெந்தது, சாம்பார் கொதித்தது. உப்பு பார்க்க வேண்டும். நாக்கோ மலைக்குக் கீழே இருக்கிறது.

"நாம பாத்தா என்ன?" என்றான் கருப்பன்.

"நம்ம நாக்குல பாத்தா அது நம்ம சாம்பாராயிரும்டா" என்று சொக்கு அதட்டினான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கரண்டியில் கொண்டுபோனால் வழியில் சிந்தும். ஆகவே தூக்குவாளி நிறைய மொண்டுகொண்டு கருப்பன் இறங்கினான். மாஸ்டர் குடித்துப் பார்த்து, "ஒரு கல்லு உப்பு குறையுது" என்றார். கருப்பன் ஏறினான். உப்பு போட்டார்கள். மறுபடி வாளி இறங்கியது. "இப்பப் புளி தூக்கலா இருக்கு" என்றார். வாளி ஏறியது, இறங்கியது. காரம், பெருங்காயம், மறுபடி உப்பு. மாஸ்டர் தொழிலில் சுத்தமானவர். வாளியின் அடிவரை குடித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

"காலு கடுக்குதுடா முத்தழகு. எத்தனை தடவைதான் இந்த மலையை ஏறி எறங்குறது?" என்று காலை நீட்டினார். முத்தழகு பிடித்துவிட்டான்.

மேலே தாலி கட்டி முடிந்து இலை போட்டார்கள். சோறும் வைத்துவிட்டார்கள். சம்பந்திகள் சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கருப்பன் காலி வாளியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். "எல்லாம் சரியா இருக்காம்! மாஸ்டர் சொல்லிட்டாக, எறக்கிரலாம்!"

சொக்கு அண்டாவைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் ஒரு கத்தரிக்காய்க் காம்பு கிடந்தது.

வள்ளியப்பன் மலையிலிருந்து இறங்கி வந்தார். இறங்கினார் என்பதைவிட உருண்டார் என்றே சொல்லலாம். சொக்கும் கருப்பனும் பின்னாலேயே வந்தார்கள். கோபத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் மூச்சு வாங்கியதில் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கையை மட்டும் நீட்டி நீட்டிக் காட்டினார்.

கருப்பனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நீங்க சிரமப்படாதீக ஐயா, உக்காருங்க. உங்களுக்காக நான் திட்டுறேன்" என்றான். மாஸ்டர் பக்கம் திரும்பி இடுப்பில் கையை வைத்தான். "யோவ் வைரவா! சம்பந்தி முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! நீயெல்லாம் ஒரு சமையக்காரனா? இனிமே எங்க வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் சிங்காரம்தான்யா!" பிறகு வள்ளியப்பனிடம் குனிந்து பணிவாகக் கேட்டான். "சரியா இருக்காய்யா? காரம் இன்னும் கொஞ்சம் போடவா?"

சிங்காரம் என்றதும் மாஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனம் நிஜமாகவே உடைந்துவிட்டது. ஆனால் கழுத்து வரைக்கும் சாம்பார் நின்றது. "முத்தழகு, குலுங்கி அழ எனக்கு வயித்துல இடமில்லை. எனக்காக நீ கொஞ்சம் அழுதிருடா" என்றார்.

முத்தழகு தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டால் கல்லும் கரையும். வள்ளியப்பனுக்கே மனம் இளகி, அவன் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார்.

சொக்கு அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். "நீங்களே களைச்சுப் போயிருக்கீக, உங்களுக்கு எதுக்குய்யா அந்தச் சிரமம்? நான் பாத்துக்கிடுறேன்." முத்தழகின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டான். "அழாதீக மாஸ்டர், ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். சின்ன மக கல்யாணத்துக்கும் உங்க சாம்பார்தான். இது வள்ளியப்பன் வாக்கு."

மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வள்ளியப்பனே இவ்வளவு தூரம் இறங்கி வந்து வாக்குக் கொடுத்துவிட்டாரே! அந்தச் சந்தோஷத்தில், தன் சார்பாக அவர் காலில் விழுந்து கும்பிடச் சொல்லிக் கருப்பனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.