ஆற்றங்கரையில் நட்ட முட்கள்

ஒரு காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்தது. வடகரையில் முள்ளம்பன்றியும் அவள் மகனும் இருந்தார்கள். தென்கரையில் வைத்தியர் மந்தி இருந்தார். நடுவில் இருபத்தேழு அடி அகலத்துக்கு வேகமான தண்ணீர். ஆழமோ, யானைக்கே தலை முங்கும்.

முன்பு ஆற்றின் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. வடகரை நாவல்பழம் அதன் மேல் தெற்கே போகும். தென்கரை உப்புமண் வடக்கே வரும். ஒரு வெள்ளம் அந்த மரத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அதே வாரம் முள்ளம்பன்றியின் மகனுக்குப் பின்னங்காலில் கருவேல முள் ஏறிச் சீழ் பிடித்தது. வைத்தியருக்கோ வயதாகிவிட்டது, ஆற்றைத் தாண்டி வர முடியாது. நீர்நாய் இரக்கப்பட்டுக் குட்டியை முதுகில் ஏற்றிப் பார்த்தது. அடுத்த நொடியே, "ஐயோ, குத்துதே!" என்று அலறி இறக்கிவிட்டது.

முள்ளம்பன்றி காட்டுத் தலைவி யானையிடம் போனாள்.

"தாயே, கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நிற்கிறது. அதைக் குறுக்கே சாய்த்தால் போதும். மகனை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்!"

"எனக்குக் கால் நாழிகை வேலைதான். ஆனால் மரம் சாய்ப்பதென்றால் பல்கலைக்கழகம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அதுதானே நம் முறை?" என்றது யானை.

பல்கலைக்கழகம் மலையுச்சியில் இருந்தது. அங்கே எல்லோரும் பறவைகள். பேராசிரியர் நாரையும் அவர் உதவியாளர் மரங்கொத்தியும் பறந்து வந்து இறங்கினார்கள்.

"இந்த வட்டாரத்தில் விலங்குகளும் சரக்கும் எப்படிப் போய்வருகின்றன என்று ஆராயப் போகிறோம். மூன்று மாதம் ஆகும்" என்றது நாரை.

"மூன்று மாதமா? ஐயா, என் மகன் கால் அழுகிவிடும்!"

"ஏம்மா, ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு முடிவு எழுத முடியுமா?"

"ஏன் முடியாது? நீங்கள் ஒரே ஒரு காலில்தானே நிற்கிறீர்கள்!" என்றது பக்கத்தில் இருந்த உடும்பு.

எல்லோரும் சிரித்தார்கள். நாரை மட்டும் சிரிக்கவில்லை. மடக்கி வைத்திருந்த காலைக் கீழே ஊன்றிக்கொண்டது.

ஆராய்ச்சி தொடங்கியது. மரங்கொத்தி தென்கரையில் ஓர் இலவமரத்தில் உட்கார்ந்தது. ஆற்றைக் கடந்து கரையேறும் ஒவ்வொருவருக்கும் மரத்தில் ஒரு துளை போட்டது. முதல் மாதம் நாற்பத்தொரு துளை. இரண்டாம் மாதம் இருபத்து மூன்று. மூன்றாம் மாதம் ஒன்பது.

முள்ளம்பன்றி வாரம் ஒரு முறை மகனை மெல்ல நடத்திக்கொண்டு கரைக்கு வந்தாள். தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். குறையவில்லை. திரும்பிப் போனாள்.

மூன்று மாதம் முடிந்தது. வடகரையில் கூட்டம் கூடியது. நாரை ஓர் ஓலைக்கட்டை அவிழ்த்து வாசித்தது.

"நாற்பத்தொன்று, இருபத்து மூன்று, ஒன்பது. ஆகவே ஆற்றைக் கடக்க வேண்டிய தேவை மாதாமாதம் குறைகிறது. இன்னும் ஒரு மாதத்தில் அது அறவே இல்லாமல் போகும். பாலம் வேண்டியதில்லை!"

"அப்படியானால் அந்த ஓலைக்கட்டை ஆற்றின் குறுக்கே போடுங்கள்! அதன்மேல் ஏறிப் போகிறோம்!" என்று கத்தியது உடும்பு.

முள்ளம்பன்றி எழுந்து முன்னால் வந்தாள். உடம்பில் பாதி முள் இல்லை. மிச்சமிருந்த முள்ளெல்லாம் விறைத்து நின்றது.

"தம்பி மரங்கொத்தி! கரை வரைக்கும் வந்து திரும்பிப் போனவர்களுக்குத் துளை போட்டாயா?"

"இல்லை, அக்கா."

"தண்ணீரில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறாமலே போனவர்களுக்கு?"

மரங்கொத்தி தலை குனிந்தது. "கரையேறி வந்தவர்களை மட்டும் எண்ணச் சொன்னார்கள், அக்கா."

"நான் எண்ணினேன்! தினமும் இந்தக் கரையில் உட்கார்ந்து, என் உடம்பு முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினேன்! அதோ பாருங்கள்!"

கரை மணலில் வரிசை வரிசையாக முட்கள் நின்றன.

"அதுவா?" என்றது நாரை. "அதையும் குறித்திருக்கிறோமே! பின்னிணைப்பில் இருக்கிறது. வடகரையில் புதுவகை முட்புல் ஒன்று முளைத்திருப்பதாக."

"புல்லா?" முள்ளம்பன்றி நாரையின் முன்னால் போய் நின்றாள். "நட்டு வைத்தவை நூற்றிருபத்தேழு. அத்தனை பேர் பயந்து திரும்பினார்கள். அதில் பன்னிரண்டு, நானும் என் மகனும் வாரம் ஒரு முறை வந்து திரும்பியதற்கு. படுக்க வைத்தவை பதினொன்று. அந்தப் பதினொரு பேரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் இறங்கவில்லை! தேவை குறைந்தது என்கிறீர்களே, குறைந்தது தேவையா, ஐயா? உயிரல்லவா குறைந்தது!"

யானை கரைக்குப் போனது. படுத்திருந்த முட்களை ஒவ்வொன்றாக எண்ணியது. பதினொன்றும் சரியாக இருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியும். அதனால் நான் கேட்கவில்லை. இவருக்குப் பறக்கத் தெரியும். அதனால் இவர் பார்க்கவில்லை" என்றது. பிறகு மருதமரத்தில் நெற்றியை வைத்துத் தள்ளியது. மரம் குறுக்கே விழுந்தது. கால் நாழிகைகூட ஆகவில்லை.

முள்ளம்பன்றி மகனை முன்னால் விட்டு, பின்னால் முட்டித் தள்ளிக்கொண்டே கடந்தாள். வைத்தியர் காலைப் பார்த்தார்.

"பிள்ளை பிழைப்பான், அம்மா. கால் பிழைக்காது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் முள்ளை எடுத்துப் பச்சிலை கட்டியிருப்பேன். நான்கே நாளில் ஓடியிருப்பான்."

மறுநாள் ஒரே பகலில் நூற்றுப் பதினாறு பேர் மரத்தைக் கடந்தார்கள். நாவல்பழம் போனது, உப்புமண் வந்தது. நாரை வியந்துபோய்ப் புது ஓலை எடுத்தது.

"பாலம் வந்ததும் திடீரென்று தேவை பிறந்திருக்கிறதே! இதற்குக் காரணம் என்ன? ஆராய வேண்டும்!"

"ஆராயுங்கள்" என்றது யானை. "ஆறு இறங்கிப் போகிற கீழ்த்துறையிலும் பாலம் இல்லை. ஆனால் இனிமேல் சிறகைக் கட்டிக்கொண்டு நடந்து வாருங்கள். அங்கே கரையில் நிற்கிறவர்களோடு நின்று எண்ணுங்கள்!"

அப்போது கட்டுப் போட்ட பின்னங்காலைத் தூக்கியபடி, மூன்று காலால் நொண்டிக்கொண்டு முள்ளம்பன்றியின் மகன் மரத்தின் மேல் திரும்பி வந்தான். நாரை வழி விட்டு ஒதுங்கியது. எழுதவில்லை. மரங்கொத்தி பறக்காமல், நடந்தே கீழ்த்துறைக்குப் புறப்பட்டது.

நட்டு வைத்த முட்களை முள்ளம்பன்றி பிடுங்கிவிட்டாள். படுக்க வைத்த பதினொன்றையும் யாரும் தொடவில்லை.

வழியைப் பற்றி ஆராய்கிறவர், வந்து சேர்ந்தவர்களை எண்ணுவதற்கு முன் வர முடியாமல் போனவர்களை எண்ண வேண்டும்.