மூன்றாம் முறை சலித்த பொரி

வெண்கொன்றையூர் ஈசன் கோயிலின் தெற்கு வீதியில் பொரி வறுத்து விற்று வாழ்ந்தவர் ஏகம்பனார். விடியுமுன் ஆற்றுக்குப் போய் மணல் அள்ளி வருவார். அதைக் கழுவிக் காயவைத்து, சட்டியில் இட்டு உமி அடுப்பில் ஏற்றுவார். மணல் நன்றாகச் சூடேறியதும் உப்புநீரில் பிசறி உலர்த்திய அரிசியைப் போட்டுத் துழாவுவார். பொரிந்ததும் சல்லடையில் கொட்டி மணலை நீக்க வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை சலிப்பார்கள். இவர் வீட்டில் மூன்று முறை. உண்கிறவர் வாயெல்லாம் ஈசன் வாய் என்பது அவர் எண்ணம். வேறு பூசை எதையும் அவர் அறியார்.

எண்ணம் அவருடையது. கைவலி அவர் மனைவி வடிவுடையம்மையினுடையது. சலிப்பவர் அம்மையார்தான்.

மூன்றாம் முறை சலிக்கையில் பெரும்பாலும் ஒன்றும் விழாது. கீழே விரித்த துணியை எடுத்துவந்து, ஒரு பொடி மணல்கூட இல்லை என்று கணவர் முகத்துக்கு நேரே அம்மையார் உதறிக் காட்டுவார். "நல்லது. அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஈட்டுப் பொரியை நீட்டுவார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

எதிர்வரிசையில் கூத்தன் என்பவன் கடை வைத்திருந்தான். ஒருமுறை சலித்து, வெயில் ஏறுமுன் கடை திறந்துவிடுவான். பொட்டுக்கடலை கலந்த பொரி, தேங்காய்க்கீற்றுப் பொரி, மஞ்சள் பொரி என்று வாரம் ஒரு புதுமை செய்வான். பல்லில் மணல் கடிபட்டால் துப்பிவிட்டு அடுத்த பிடியை வாயில் போட்டுக்கொள்ளும் ஊர் அது. ஏகம்பனார் கடை திறக்கும்போது சந்தைக் கூட்டம் பாதி கலைந்திருக்கும். நாமும் ஏதாவது புதிதாகச் செய்வோம் என்று அம்மையார் நூறு முறை சொல்லிப் பார்த்தார். முதலில் இதைச் சரியாகச் செய்வோம் என்பார் அவர். பதினெட்டு வருடமாகச் சரியாகத்தானே செய்கிறோம் என்று அம்மையாருக்கு அழுகையே வரும்.

அந்த ஆண்டு கார்த்திகை நெருங்கியபோது வீட்டில் மிஞ்சியது ஒரு மூட்டை அரிசி. அதைப் பொரித்து விற்றால் அடுத்த மூட்டை வாங்கலாம். விற்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, அம்மையாரின் தம்பி ஊருக்குக் களை பறிக்கப் போகவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஏகம்பனார் காய்ச்சலில் படுத்தார். படுத்த இடத்திலிருந்தும் மூன்று விரலைத்தான் காட்டினார்.

அன்று அம்மையார் தாமே வறுத்தார். ஒரே ஒருமுறை சலித்தார். இன்றைக்காவது ஊரோடு ஒத்துப் போவோம் என்று கூத்தனுக்கு முன்பே கடையைத் திறந்தார். முதலில் வந்தவர் ஒரு கிழவர். உடம்பெல்லாம் நீறு, இடுப்பில் ஒரு கந்தை, தோளில் ஒரு துண்டு. மூன்று நாள் பட்டினி என்று மேல்துண்டை விரித்தார். அம்மையார் ஒரு படி அளந்து போட்டார். கிழவர் ஒரு பிடி அள்ளி வாயருகே கொண்டுபோனார்.

அம்மையாரின் கை தானாக நீண்டு கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருங்க சாமி. திங்காதீங்க."

"ஏன் தாயே?"

"சரியா சலிக்கல."

"மணல் ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. அதுதான் வம்பே. இங்க கொடுங்க."

பசி தாங்கவில்லை, அப்படியானால் எதிர்க்கடையில் கேட்டுத் தின்கிறேன் என்றார் கிழவர். போவதானால் போங்கள், இதை இப்படியே தரமாட்டேன் என்றார் அம்மையார். கிழவர் போகவில்லை, அங்கேயே குந்திக்கொண்டார். அதற்குள் கடை திறந்திருந்த கூத்தன் வீதி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "பட்டினிச் சாமியார்கிட்டேயே பிடுங்கி வச்சுட்டு அவரை உக்கார வச்சுட்டா. புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டி."

அம்மையார் துண்டில் இருந்ததையும் கூடையில் இருந்ததையும் மீண்டும் கொட்டி இரண்டாம் முறை சலித்தார். நாலைந்து மணல் விழுந்தது. மூன்றாம் முறை சலித்தார். ஒன்றும் விழவில்லை. கணவர் மேல் கோபம். வேறெப்படியும் செய்யத் தெரியாமல் போன தம் கைகள் மேல் அதைவிடக் கோபம். கிழவர் தம் படியைக் கடைசிப் பொரிவரை தின்றுவிட்டு, ஒரு வாழ்த்துகூடச் சொல்லாமல் நடந்தார். அதற்குள் சந்தை முடிந்திருந்தது. உள்ளே போய் நடந்ததைச் சொன்னபோது ஏகம்பனார் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை கோயில் அதிகாரி மேளத்தோடு வாசலில் வந்து நின்றார். ஈசன் அவர் கனவில் வந்திருந்தார். "பசியோடு என்னைக் காக்கவைத்த வீட்டிலிருந்து கார்த்திகைப் பொரி வரட்டும். இனி எந்நாளும் அந்த வீட்டுப் பொரியே வரட்டும்" என்று உத்தரவிட்டிருந்தார்.

ஏகம்பனார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி அழுதார். அம்மையாருக்கு அழுகை வரவில்லை. பிடித்தது யார் கையை என்று நினைத்து, தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அடுத்த கணமே எரிச்சல் வந்தது. வந்தவர் பதினெட்டு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

தீபத்தன்று காலை, கோயில் கொடுத்த நெல்லரிசி முழுதும் பொரிந்து மலையாகக் குவிந்திருந்தது. அதிகாரி பொறுமை இழந்தார். சுவாமிக்குப் படைப்பதை மட்டும் மூன்று முறை சலியுங்கள், கூட்டத்துக்குக் கொடுப்பதற்கு ஒருமுறை போதும் என்றார்.

அம்மையார் சல்லடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாமியே குந்திக் காத்திருந்துச்சு. நீங்களும் உக்காருங்க."

அதிகாரி உட்கார்ந்தார். அன்று கோயிலில் பொரி வாங்கித் தின்ற ஊர், துப்பாமல் தின்றது. மறுநாளிலிருந்து கடை திறக்கும்வரை வாசலில் காத்து நின்றது. கடை பெருகியது, அடுப்பு நான்கானது. பொரி மட்டும் அதே பொரி.

ஈசனின் கையையே பிடித்து நிறுத்திய அம்மையாரின் கைகளுக்கும், அவற்றை அப்படிப் பழக்கிய அந்தப் பிடிவாதக்காரருக்கும் நம் வணக்கம்.