படிக்கு உப்பு போதுமா?

மூளை இல்லாதவனுக்கு விசா கொடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று பேருக்குக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவின் குளிர்ப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே ஒரு பழைய மரவீட்டில் மூவரும் வாடகைக்கு இருந்தார்கள். முதுகுளத்தூர் சேதுபதிதான் தலைவன். ஒரு வருடம் முன்னாலேயே வந்துவிட்டதால் ஒரு குளிர்காலத்தைப் பார்த்தவன். போர்வைக்குள் இருந்தபடியே பார்த்தான், அது வேறு விஷயம். தலைவன் எதைச் சொன்னாலும் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது புவியரசின் வேலை. மூன்றாமவன் திருத்தணி தணிகைவேல். பாவம், கஷ்டமெல்லாம் இவன் தலையில்தான் விடியப்போகிறது.

தை பிறந்ததும், புதன்கிழமை இவன் தங்கைக்குக் கல்யாணம். "அண்ணன் வராம கழுத்தை நீட்ட மாட்டேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். சனிக்கிழமை இவனுக்கு விமானம். அதற்கு முந்தின நாள் பார்த்து ஐஸ் புயல் வருகிறதாம். மழையாகத்தான் விழுமாம், விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துவிடுமாம்.

வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் மார்கரெட் அம்மா வியாழக்கிழமையே ஒரு மூட்டை உப்போடு வந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "குழாயைச் சொட்டவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உறைந்து குழாய் வெடித்துவிடும். வாசல்படியில் வழுக்காமல் இருக்க உப்பு போடுங்கள். வெளியே போனால் அடுக்கடுக்காக உடுத்துங்கள்." மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அந்த அம்மாவும் நம்பிப் போய்விட்டார்.

படியருகே கூட்டம் கூடியது.

"உப்பு போடச் சொன்னாங்க, சரி. எவ்வளவு?" என்றான் சேதுபதி.

"அளவு சொல்லலைன்னா தேவையான அளவுன்னு அர்த்தம். போட்டுப் போட்டு நக்கிப் பார்க்கணும்" என்றான் புவியரசு.

"யாரு நக்குறது?"

"கல்யாண வீட்டுக்காரன் நாக்குதான் ராசியான நாக்கு."

தணிகைவேலுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சிட்டிகை போட்டு, மண்டியிட்டு, தொட்டு நாக்கில் வைத்தான். கடைசிப் படி மட்டும் கொஞ்சம் கரித்தது. அதைத் துடைத்துச் சரிசெய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மழை ஆரம்பித்தது. குழாயைச் சொட்டவிட்டார்கள். முதல் சொட்டு விழுந்ததுமே சேதுபதி நெஞ்சில் கை வைத்தான்.

"டேய், எங்க ஊர்ல ஒரு குடம் தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடுவோம்டா! இதைச் சாக்கடைக்கு விடுறதா? பெத்த அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுலயே சேர்க்க மாட்டா!"

சொட்டவிடவும் வேண்டும், வீணாகவும் கூடாது. வாளியை வைத்தார்கள். பிறகு குக்கர், வாணலி, டீ டம்ளர், கடைசியில் புவியரசின் மழைக்கால பூட்ஸ். எல்லாம் நிரம்பிற்று. இனி எங்கே ஊற்றுவது?

"மார்கழி இன்னும் முடியலையே, வாசல் தெளிப்போம்" என்றான் புவியரசு. "புண்ணியமாவது சேரும்."

அன்றைக்கு முழுக்க, பாத்திரம் நிரம்ப நிரம்ப, கதவைத் திறந்து படியில் வீசினார்கள். அந்தக் குளிரிலும் இப்படிப் பளபளவென்று ஒரு வாசல் அந்தத் தெருவிலேயே கிடையாது.

சனிக்கிழமை காலை தணிகைவேல் பெட்டியைத் திறந்தான். அடுக்கடுக்காக உடுத்த வேண்டுமே! எத்தனை அடுக்கு என்று அந்த அம்மா சொல்லவில்லை. குறைத்து உடுத்திக் குளிர் கண்டுவிட்டால் தங்கைக்கு யார் பதில் சொல்வது? பெட்டியில் இருந்ததையெல்லாம் உடுத்தினான். மாப்பிள்ளைக்கு வாங்கிய கோட்டு மேலே வந்தது. கை இரண்டும் கீழே இறங்க மறுத்தன. டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது.

கதவைத் திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. வாசலும் கதவும் ஒரே ஐஸாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஐஸுக்கு உப்பு போட்டா உருகும்" என்றான் சேதுபதி.

"உப்பு மூட்டை படியிலேயே, ஐஸுக்கு அடியில பத்திரமா இருக்கு. ஐஸை எடுத்துட்டா உப்பை எடுத்துடலாம்" என்றான் புவியரசு.

ஜன்னல் வழியாகத் தணிகைவேலை வெளியே தள்ளினார்கள். இடுப்பு வரை போனான். அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ரெண்டு சட்டையைக் கழற்றலாமே என்று அவனுக்கே தோன்றியது. ஆனால் தலை வெளியே இருந்தது. வெளியே இருக்கும்போது அடுக்கைக் குறைக்கலாமா? பார்த்துக்கொண்டிருந்த டாக்ஸிக்காரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"ஐயோ, என் தங்கச்சி!" என்று ஜன்னலில் தொங்கியபடி தணிகைவேல் கதறினான். நிஜமாகவே அழுதான்.

நல்லவேளை, மாணவர்களைப் பார்த்துப்போக மார்கரெட் அம்மா காரில் வந்தார். அவனை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தி இறங்கினார். பிறகு கேட்டார்.

"பின்பக்கக் கதவும் உறைந்துவிட்டதா?"

"இல்லையே, அது நல்லாத் திறக்குது" என்றான் சேதுபதி. "ஆனா நல்ல காரியத்துக்குப் போறவனை யாராவது பின்வாசல் வழியா அனுப்புவாங்களாம்மா?"

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். புவியரசுதான் வழி கண்டுபிடித்தான்.

"பின்வாசல்ல பின்பக்கமா நடந்து போனா? ரெண்டு பின்னும் சேர்ந்தா முன்னாயிடும்ல!"

தணிகைவேலை உள்ளே இழுத்து, திருப்பி நிறுத்தி, பின்வாசல் வழியாகப் பின்பக்கமாகவே நடக்க வைத்து, மார்கரெட் அம்மாவின் காரில் ஏற்றினார்கள். கார் தெருமுனை திரும்பியது.

"பெட்டியை விட்டுட்டுப் போயிட்டானே!" என்றான் சேதுபதி.

"விடு, காலிப் பெட்டிதானே. எல்லாத்தையும் உடுத்திட்டான். பாஸ்போர்ட் மட்டும்தான் உள்ளே இருக்கு."

சற்று நேரத்தில் கார் திரும்பி வந்தது. தணிகைவேல் பின்வாசல் கதவைத் தட்டினான்.

"சேது! பாஸ்போர்ட்டுடா! சீக்கிரம் திற, நேரமாகுது!"

"வீட்டுக்கு வர்றவன் முன்வாசல் வழியா வாடா! பின்வாசல் வழியா வர்றவன் திருடன்" என்று உள்ளேயிருந்து சேதுபதி அதட்டினான். "ஐஸ் உருகினதும் திறக்கிறோம்."

தணிகைவேல் யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. காரில் மார்கரெட் அம்மா தலையை ஸ்டீயரிங் மேல் கவிழ்த்திருந்தார். இவன் முன்பக்கம் போய், ஐஸ் படியில் பக்குவமாக உட்கார்ந்து, தங்கைக்குப் போன் போட்டான்.

"கிளம்பிட்டேம்மா, வாசல்படி வரைக்கும் வந்தாச்சு. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் மாப்பிள்ளையை எழுந்திரிக்க விடாதே."

போனை வைத்துவிட்டு, படியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் மாறியது.

"டேய் சேது!" என்று கதவைத் தட்டினான். "உப்பு பத்தலைடா!"